ஈயத்தோடு ஏறிய எடை

"எடை: சென்ற முறையைவிட அரைக் கிலோ கூடுதல்." இந்தத் திங்கட்கிழமை தேதியிட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் லூர்து அண்ணாச்சி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தேதி இருக்கா பாரும் வே. பிறகு அதைக் கேப்பீரு."

கேட்பேன்தான். தேதி இல்லாத தாளை நான் நம்புவதில்லை என்பது என் கட்டுரைகளைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

அரைக் கிலோவுக்கு ஏன் இத்தனை பெருமை என்கிறீர்களா?

அண்ணாச்சி தூத்துக்குடிக் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். சங்குகுளி பற்றி நான் எழுதி வைத்திருப்பதில் பாதி அவர் சொன்னது. சில மாதங்களுக்கு முன் இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். முக்கால்வாசி இரைப்பையை வெட்டி எடுத்தார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அதன் பிறகுதான் ஆள் கரைய ஆரம்பித்தார்.

நாலு வாய் சோற்றில் வயிறு நிறைந்துவிடும். சீனி போட்ட காபி குடித்தால் படபடப்பு, தலைசுற்றல். போதாததற்கு இந்த நோய் சதையையும் தின்னும். சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

பார்க்க வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? கையில் மக்ரூன் டப்பா, வாயில் ஒரே வசனம்: "என்ன அண்ணாச்சி, பாதியாப் போயிட்டீங்க." நம் ஊரில் நலம் விசாரிப்பது என்றால் எடை விசாரிப்பதுதான். ஆளை வாசலிலேயே கண்ணால் நிறுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவோம். மக்ரூன் அத்தனையும் சீனி என்பதால் அவர் தொடவில்லை. நான்தான் தின்றேன். என் எடை கூடியது.

இந்த நேரத்தில்தான் டாக்டரம்மா சொன்னார்: "இன்னும் மெலிஞ்சா அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அண்ணாச்சி."

அண்ணாச்சி காதில் விழுந்தது வேறு. கீமோ நின்றால் கதை முடிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் போனோம் – அவர், அவர் மனைவி ஜெசிந்தா அக்கா, நான். அண்ணாச்சி வழக்கத்தைவிட நிதானமாக நடந்தார். பலவீனம் என்று நினைத்துக்கொண்டேன். எடை மெஷினில் ஏறினார். இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கே கண் கலங்கியது...

"படுங்க அண்ணாச்சி, வயித்தைப் பாத்திருவோம்" என்றார் டாக்டரம்மா.

"நின்னுக்கிட்டே பாருங்களேன்."

"படுங்கன்னு சொல்லுதேன்லா."

படுத்தார். வேட்டிக்குள்ளிருந்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம். டாக்டரம்மா வேட்டி மடிப்பை விலக்கினார். இடுப்புக்குக் கீழே பெல்ட். பெல்ட்டில் இரண்டு ஈயக்கட்டிகள். கடலுக்குள் சீக்கிரம் இறங்கக் கட்டிக்கொள்கிற அதே ஈயம்.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவரின் வயிற்றை டாக்டர் பார்ப்பார் என்பது எப்படி ஐயா மறந்துபோகும்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கல்லைக் காலில் மாட்டி இறங்குவார்கள். அந்தக் கல்லின் எடை பற்றி நான் படித்த புத்தகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆனால், எடை மெஷினில் ஏறுவதற்கு ஈயம் கட்டியதாக ஒரு புத்தகத்திலும் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க எடையையும் உயரத்தையும் வச்சுத்தான் மருந்தோட அளவு போடுதோம். இன்னைக்கு இல்லாத உடம்புக்கும் சேத்து ஏத்தியிருப்போம்."

என் சிரிப்பு அங்கேயே நின்றது.

ஜெசிந்தா அக்கா மெதுவாகக் கேட்டார்: "கடல்ல ஈயம் கட்டுனது கீழ போவ. இங்கன எதுக்குக் கட்டுனீங்க? இங்கயும் கீழ போவத்தானா?"

அண்ணாச்சி மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசிய நிறுத்திட்டா என்னைக் கைவிட்டாச்சுன்னு நெனச்சேன், ஏளா."

"தள்ளிப்போட்டா கைவிட்டதுன்னு அர்த்தம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "மூச்சு வாங்க மேல வாரீங்கள்லா, அது மாதிரி."

"எத்தனை வருஷம் இருப்பேன், டாக்டரம்மா? அதைச் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது. உடம்பு இப்படியே கரைஞ்சா மருந்து தாங்காது. கரையறத நிறுத்துனா நல்ல வாய்ப்பு இருக்கு. இவ்வளவுதான் இன்னைக்கு எனக்குத் தெரியும்."

ஈயத்தைக் கழற்றிவிட்டு மறுபடி எடை பார்த்தார்கள்; குறைந்துதான் இருந்தது, அன்று கீமோ இல்லை. அதன் பிறகு வீட்டில் நடந்ததுதான் உண்மையான போராட்டம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை. முட்டை, மீன், தயிர். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அக்காவின் போனில் அலாரம் அடித்தால் அண்ணாச்சி முகம் சுளிப்பார். "பொறந்த பிள்ளைக்குக் கூட இத்தனை தடவை கொடுக்க மாட்டாவ, ஏளா." "பிள்ளை ஈயம் கட்டாதுல்லா. பேசாம தின்னுங்க."

திங்கட்கிழமை மெஷினுக்கு முன்னால் டாக்டரம்மாவே அவர் இடுப்பைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஈயம் இல்லை. அரைக் கிலோ சுத்தமாக அவருடையது. கீமோவும் ஏறியது.

நேற்று பார்க்கப் போனேன். அந்த ஈயக்கட்டிகள் ஜன்னலோரம் இருந்தன. "இதை இன்னும் தூக்கிப் போடலையா?" என்றேன்.

"எதுக்கு வே போடணும்? அடுத்த சீசனுக்கு வேணும்லா."

டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. ஆகவே வாசகர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: அடுத்த சீசனில் லூர்து அண்ணாச்சி கடலில் இறங்குகிறார் – இந்தத் தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.