பனிநங்கையைத் தனியாகக் கேளுங்கள்

குரும்பலூர் வடக்குத் தெரு குருநாதன் மகள் சிந்தாமணியைப் பிறந்த பதினாறாம் நாளே கட்டிக் கொடுத்தாகிவிட்டது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தாலிதான் ஏறவில்லை. தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்த அன்றைக்கே அவள் அம்மா சின்னம்மாள், தன் தம்பி அரங்கநாதனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தொட்டில் பக்கத்தில் நிறுத்தி, இவ உனக்குத்தாண்டா என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையில் முறுக்கு வைத்திருந்தான். சரிக்கா என்று தலையாட்டிவிட்டு மீதி முறுக்கைத் தின்னப் போனானாம். தொட்டிலில் கிடந்தவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வயசா அது, விடுங்கள். ஆனால் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஓடியதே, அதில் ஒரு நாள்கூடவா ஒருத்தருக்கும் நேரம் கிடைக்கவில்லை?

சின்னம்மாளைக் குறை சொல்லவும் மனசு வராது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது பதினேழு, தம்பிக்கு ஏழு. கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். தான் தின்னாமல் அவனுக்குப் போட்டு வளர்த்தாள். வேற ஒருத்தி வந்தால் தம்பி தன்னை விட்டுப் போய்விடுவான் என்கிற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. பெற்ற மகளைக் கொடுத்துவிட்டால் தம்பி எங்கே போவான்?

அரங்கநாதனும் மோசமான ஆள் கிடையாது. அரியலூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டுகிற இடத்தில் வேலை. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. லீவு நாளில் குரும்பலூர் வருவான், அக்கா போட்டதைச் சாப்பிடுவான், சிந்தாமணிக்கு ஒரு பொட்டலம் காராசேவு கொடுப்பான், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான். அவனைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவனைக் கட்டிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. ப்ளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள், டீச்சர் டிரெய்னிங் போகவேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தை வாங்கி, பூர்த்தி செய்து, தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். மாமன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்குச் சம்மதமா என்று தன்னைக் கேட்டால் போதும், வேண்டாம் மாமா என்று சொல்லிவிடலாம் என்று இருந்தாள். தானாகப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. கேட்டால் சொல்ல முடியும். மாவாட்டும்போதெல்லாம் அந்தப் பதிலை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தாள்.

அந்த வருஷம், எண்பத்தொன்றில், அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் காமிக்ஸ். கூடப் படித்த கமலவேணியின் அண்ணன் கொளஞ்சி, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். சைக்கிளோடு காமிக்ஸும் வாடகைக்கு விடுவான். அதில் மெட்ராஸிலிருந்து மாதாமாதம் வருகிற ஒரு பத்திரிகையில் இடிவீரன் கதை. வேறு கிரகத்திலிருந்து விழுந்தவன், சிவப்பு அங்கி, கையைத் தூக்கினால் இடி இறங்கும். அவனோடு சேர்ந்து சண்டை போடுகிறவள் பனிநங்கை. மூச்சு விட்டால் ஆறு உறைந்துபோகும். இவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பதுதான் வாசகர் பக்கத்தில் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்த சண்டை. ஒரு கட்சி பனிநங்கைதான் சரியான ஜோடி என்றது. இன்னொரு கட்சி, கதையில் வருகிற, பறக்கத் தெரியாத நிருபர் பெண் ரோசியைத்தான் அவன் கட்டவேண்டும் என்றது. கொளஞ்சி கடையில் அது வேறு ரூபம் எடுத்தது. பஞ்சர் ஒட்ட வந்த பெரியவர்கள்கூட உட்கார்ந்து, அவன் எந்த ஊரு எந்தக் கூட்டம்னே தெரியல, இவளோ மலைக்காரி, முறை வருமா வராதான்னு எப்படிப் பாக்குறது என்று நியாயம் பேசினார்கள். வானத்தில் பறக்கிறவனுக்கும் முறை பார்க்காமல் விடமாட்டார்கள் நம் ஆட்கள்.

சிந்தாமணிக்கு இரண்டு கட்சியும் பிடிக்கவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். முழு முகவரி இருந்தால்தான் போடுவோம் என்று அச்சடித்திருந்ததால் பெயரையும் தெருவையும் ஒழுங்காக எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கியிருந்தார்கள்.

"முப்பத்தொரு இதழ் படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இடிவீரன் பனிநங்கையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். எங்கே போகவேண்டும் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்கத் தெரியாதவனை அவள் கட்டிக்கொள்ள வேண்டாம்."

அடுத்த மாதமே அச்சாகி வந்துவிட்டது. கு. சிந்தாமணி, வடக்குத் தெரு, குரும்பலூர் என்று கொட்டை எழுத்தில். கொளஞ்சிக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஊர்ப் பெயர் மெட்ராஸ் புத்தகத்தில் வந்துவிட்டது என்று கடைக்கு வந்தவனுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினான். அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான், நாசமாய்ப் போக. சாயங்காலத்துக்குள் குருநாதன் மகள் யாரையோ கட்டிக்க மாட்டேன்னு மெட்ராஸுக்கு எழுதிட்டாளாம் என்று தெரு முழுக்கப் பேச்சு. மறுவாரம் தபால்காரர் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்து போட்டார். சேலத்திலிருந்து, விருதுநகரிலிருந்து, எங்கெங்கோ இருந்து பையன்கள் பேனா நட்பு கேட்டு எழுதியிருந்தார்கள். ஒருத்தன் தன்னை இடிவீரன் என்றே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தான்.

சின்னம்மாள் அந்தக் கட்டை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடச் சிந்தாமணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது? அது படக்கதையில வர்ற ஆளும்மா என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா காதில் ஏறவில்லை. ஆவணி மாதமே பரிசம் போட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. சைக்கிள் கடைப் பக்கம் போகக்கூடாது, கமலவேணி வீட்டுக்கு வரக்கூடாது. நாள் குறித்த பிறகு மாமனும் வீட்டுக்கு வரக்கூடாது, அது வழக்கம். இனி எங்கே அவன் வந்து கேட்பது, எங்கே இவள் சொல்வது?

சங்கதி என்னவென்றால், அந்தப் புத்தகத்தை அரங்கநாதனும் வாங்கிவிட்டான். ஆலையில் எவனோ உன் அக்கா மகள் பேர் வந்திருக்குடா என்று சொல்லியிருக்கிறான். ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தேடி வாங்கி, அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்திருக்கிறான். அவனுக்குக் கோபம் வரவில்லை. நாமும்தான் கேட்கவில்லை என்று தோன்றியது. அந்தப் பகுதியை மட்டும் துண்டாகக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். பாருங்கள், இத்தனை பேரில் அந்தக் கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான். புரிந்துகொண்டு அவன் செய்ததுதான் வயிற்றெரிச்சல்.

பரிசத்தன்றைக்குக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர். பெரிய பாட்டன் முறையான முத்துசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீடு தட்டுக் கொடுக்கவேண்டும், பெண் வீடு வாங்கவேண்டும். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை, வளர்த்த அக்காதான் எல்லாம். அதனால் சின்னம்மாள் அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரியாகிவிட்டாள். புடவையும் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டை அவள் ஏந்திக்கொண்டு நிற்க, வாங்குவதற்குக் குருநாதன் எதிரே நின்றார். பெண்ணின் பக்கம் நிற்க அங்கே அம்மா என்று ஒருத்தி இல்லை. சிந்தாமணி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு மாறப்போகிற நேரத்தில் அரங்கநாதன் எழுந்து நின்றான்.

"இருங்க. நான் புள்ளைய ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

கூடமே சிரித்தது. முத்துசாமி, கேளுப்பா கேளு, படிச்ச புள்ளையாச்சே என்றார். அரங்கநாதன் அத்தனை பேரையும் தாண்டி, கதவோரம் நின்றவளைப் பார்த்தான். அவனுக்கும் கூச்சம்தான். இருந்தாலும் கேட்டான்.

"சிந்தாமணி, என்னைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

மாவாட்டும்போதெல்லாம் பழகி வைத்த பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அம்மாவைப் பார்த்தாள். சின்னம்மாள் ஏந்தியிருந்த தட்டு சாய்ந்து, தேங்காய் உருண்டு விளிம்புக்கு வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது பேரும் சிரித்த முகம் மாறாமல் காத்திருந்தார்கள். இத்தனை வருஷம் அவள் ஏங்கிய கேள்வி அது. எந்த இடத்தில் கேட்டால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கமுடியுமோ, அந்த இடத்தில் நிறுத்திக் கேட்டுவிட்டான் மகராசன்.

"சரிங்க மாமா" என்றாள்.

கல்யாணம் ஆகி அரியலூருக்கு வந்தாள். ஆலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. தகரப் பெட்டியும் கூடவே வந்தது, அடியில் அந்த விண்ணப்பத்தோடு. ஒரு பெண், ஒரு பையன் பிறந்தார்கள். அரங்கநாதன் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு வருவான், வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். மாதம் பிறந்தால் காமிக்ஸ் வாங்கிவந்து அவள் கையில் கொடுப்பான். டிரெய்னிங் பற்றி அவள் சொல்லவும் இல்லை, அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவனைத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று சிந்தாமணி சில நாள் தேடியிருக்கிறாள். கிடைக்காது. குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தால் ஊரே அவள் பக்கம் வந்திருக்கும். இவனை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எனக்கு மூச்சு முட்டுது என்று சொல்வது? அம்மாவிடம் சொல்லலாமென்றால் அம்மாவே நாத்தனார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பேச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளர் கைக்கு வருவதற்குள் அரங்கநாதன் ஆரம்பித்துவிடுவான். முறைப் பொண்ணுதான், இருந்தாலும் நான் சபையில எழுந்திருச்சுக் கேட்டுத்தான் கட்டுனேன். பர்ஸிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டுவான். மடித்து மடித்து நாலாகக் கிழிந்துபோய், பின்னால் காகிதம் ஒட்டி வைத்திருந்தான். வந்தவர்கள் சிந்தாமணியைப் பார்த்து, நீ கொடுத்துவச்சவம்மா என்பார்கள். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஏழு வருஷம் இப்படியே.

எண்பத்தெட்டு தீபாவளி மலரில் இடிவீரனுக்குக் கல்யாணம் என்று அறிவிப்பு வந்தது. அரங்கநாதன் முதல் ஆளாக வாங்கிவந்துவிட்டான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து தானே படித்துக் காட்டினான். நகரத்தையே விழுங்க வந்த அரக்கனைக் கொன்றுவிட்டு இடிவீரன் மணிக்கூண்டு உச்சியில் பனிநங்கையோடு நிற்கிறான். கீழே ஊரே கூடி நிற்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி, என்னை மணப்பாயா என்று அவளைக் கேட்கிறான். ஜனங்கள் தொப்பியைத் தூக்கி எறிகிறார்கள். அவள் சம்மதம் என்கிறாள்.

"பாத்தியா? அப்படியே நம்ம கதை" என்றான் அரங்கநாதன். கண் கலங்கியிருந்தான்.

சிந்தாமணி வெங்காயத்தை உரித்து முடித்தாள். கை கழுவினாள். மகளின் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு தபால் கார்டில் பத்திரிகைக்கு எழுதினாள். கவரில் போட்டு ஒட்டியிருக்கலாம். கார்டில்தான் எழுதினாள். மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவன் கையில், தபால் பெட்டியில போட்டுடுங்க மாமா என்று கொடுத்தாள்.

"ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? கீழே அத்தனை பேர் தொப்பியோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தப் பனிநங்கையாலும் முடியாது. அவளைத் தனியாகக் கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று அப்புறம் பாருங்கள். சிந்தாமணி, அரியலூர்."

சாயங்காலம் அரங்கநாதன் குளிக்காமல் உள்ளே வந்தான். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தூசியோடு அப்படியே அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். பெட்டியில் போடாத கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது. பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு நான் உள்ள வந்து, தனியாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன் மாமா."

அவன் தலையை ஆட்டினான். கார்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் குளித்தான். மறுநாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனான். அவள் வழக்கம்போலச் சோறு கட்டிக் கொடுத்தாள். என்ன மாறிவிடும்? இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, அந்த விண்ணப்பத்துக்கு வயசும் தாண்டிவிட்டது. கார்டை அவள் தானே போய்ப் பெட்டியில் போட்டாள்.

பொங்கலுக்குச் சின்னம்மாள் கரும்பும் அரிசியும் எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தாள். தம்பியைப் பார்க்க வந்தாள் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே வீடுதானே. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த முத்தாயி எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டே சின்னம்மாள் அவளிடம் பெருமையாக ஆரம்பித்தாள். என் தம்பி மாதிரி உண்டா, முறைப் பொண்ணுன்னாலும் சபையில எழுந்திருச்சுக் கேட்டுத்தான் கட்டுனான். அந்தத் துண்டை எடுத்துக் காட்டுடா.

அரங்கநாதன் பர்ஸை எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"இல்லக்கா. நான் கேக்கல."

சின்னம்மாள் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து. அவன் சிரிக்கவில்லை. குழம்பு ஊற்ற வந்த சிந்தாமணி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். பரிசத்தன்றைக்கு அழாதவள், கல்யாணத்தன்றைக்கு அழாதவள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். என்னடி ஆச்சு என்று சின்னம்மாள் எச்சில் கையோடு எழுந்தாள்.

அரங்கநாதன் அக்காவின் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அழுவட்டும்க்கா. நீ உள்ள போவாத."