தொப்பையின் வாய்க்குள் இருந்தது

பல் மருத்துவமனையில் பெருக்கித் துடைப்பதும், காத்திருக்கும் அறையில் உள்ள மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதும் தண்ணியக்காவின் வேலை. அந்தப் பெயரே தொட்டியால் வந்ததுதான். பதினோரு வருஷமாக, இரை போடுமுன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். "மீனுக்கெல்லாமா சாமி கும்பிடுவாங்க?" என்று வரவேற்பு மேசைப் பெண் சிரித்தால், "அதுக்குக் கை இல்லையே, நான் சேர்த்துக் கும்பிடறேன்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ சொன்னார்கள் என்று சாகக் கிடந்த மீனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சுழலில் போன மீன் மறுபடி மேலே வந்து நீந்தியது. இரண்டாம் முறையும் திறக்க வேண்டியதாயிற்று. பல நாள் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மனசு கேட்காமல், சாகக் கிடக்கும் மீனை வலியில்லாமல் அனுப்ப வழி கேட்டு வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போய் நின்றார். "கிராம்புத் தைலம் போதுமே அக்கா! உங்க பல் டாக்டர்கிட்டயே இருக்குமே" என்றார் அவர். தொட்டித் தண்ணீரையே கிண்ணத்தில் எடுத்து மீனை விட வேண்டும். தைலத்தைச் சின்ன பாட்டிலில் தண்ணீரோடு பால்போலக் கலங்கும்வரை குலுக்கி, முதலில் கொஞ்சமாக, மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். மீன் தள்ளாடி, சாய்ந்து தூங்கிவிடும். அயர்ந்து தூங்கிய பிறகே, உயிர் பிரிவதற்கான மீதியை ஊற்ற வேண்டும். செவுள் நின்றாலும் அரைமணி நேரம் வெளியே எடுக்கக் கூடாது.

இப்படி ஏழு மீன்களைத் துடிக்கவிடாமல் அனுப்பிவைத்திருந்தார். மீதியை ஊற்றுமுன், தண்ணீருக்குள்ளேயே மீனை உள்ளங்கையில் ஏந்தி, "போயிட்டு வா கண்ணு" என்று சொல்வது அவர் வழக்கம்.

எட்டாவதாகத் தொப்பையின் முறை வந்தது. ஆறு வருஷம் அவர் கையால் வளர்ந்த தங்கமீன். ஒன்பது நாளாக இரையைத் தொடவில்லை. மருந்து ஊற்றியாயிற்று, இரையை மாற்றியாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை.

"பட்டினியில வதைபட வேண்டாம்க்கா. இன்னிக்கே அனுப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அக்கா கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்தார். முதல் பங்கை ஊற்றினார். தொப்பை சாய்ந்தது. கன்னம் வீங்கிய ஒருவர், இரண்டு முறை பயந்து ஓடிப்போன நோயாளி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மீனை உள்ளங்கையில் ஏந்தினார். "போயிட்டு..." வார்த்தை பாதியில் நின்றது. தூக்கத்தில் மீனின் வாய் தொங்கித் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா! ஓடி வாங்க! இவனுக்கும் ஒண்ணு புடுங்கணும்!"

வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டி அழகாக இருக்கட்டும் என்று அவள் வாங்கிக் கொட்டிய கூழாங்கற்களில் ஒன்று! "ஐயோ அக்கா, நான்தான் பாவி!"

"அழறதை அப்புறம் பார்த்துக்கலாம். தொட்டியில இருந்து சுத்தமான தண்ணி மொண்டு வா."

டாக்டரம்மா மெல்லிய இடுக்கியோடு வந்தார். அக்கா பிடித்துக்கொள்ள, இடுக்கி நுழைந்தது, வழுக்கியது, மறுபடி நுழைந்தது. டக்கென்று கல் வெளியே வந்தது.

"இருபது வருஷத்துல கத்தாத பேஷண்ட் இவன் ஒருத்தன்தான்" என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தைலம் கலக்காத தண்ணீரில் மீனைப் பிடித்து, வாய் வழியே தண்ணீர் போகும்படி மெல்ல முன்னே நகர்த்தினார். உதடு வேண்டிக்கொண்டேயிருந்தது. செவுள் ஒருமுறை அசைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு முறை. பிறகு வால் அவர் மணிக்கட்டில் பளாரென்று அறைந்தது!

அறையே கைதட்டியது. "கடவுளே, கடவுளே" என்று அழுதபடி அக்கா சிரித்தார்.

கன்னம் வீங்கியவர் எழுந்தார். "டாக்டர், அடுத்தது நான். மீனே தாங்கிடுச்சு, நான் ஓடினா மானம் போயிடும்."

சாயங்காலத்துக்குள் தொட்டிக் கற்கள் அத்தனையும் வாளிக்கு வந்துவிட்டன. மறுநாள் காலை தொப்பை முதல் இரையைக் கவ்வியது. அக்கா அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, தைல பாட்டிலை இறுக மூடி, பத்திரமாக அலமாரியில் வைத்தார்.