உள்ளறைக்கும் ஒரு ஸ்பீக்கர்

ஹோலில் மௌலவியின் மார்க்க பயான் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் தலையைக் குனிந்து கேட்க, வாஹித் மட்டும் சுவரோரம் நின்று விரல் முட்டியால் அதைத் தட்டுகிறார். அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தால் உள்ளறையில் சத்தம் கேட்கிறது என்று அர்த்தம். இரண்டு தட்டென்றால் கேட்கவில்லை. பதில் வரும்வரை மனிதர் அங்கிருந்து நகரமாட்டார்.

பதுளை பஜாரில் வயரும் பல்பும் ஆணியும் விற்பது அவர் தொழில். தெரிந்த வீட்டில் பயான் என்றோ காவின் கல்யாணம் என்றோ காதில் விழுந்துவிட்டால் அழைப்புக்குக் காத்திருக்கமாட்டார்; ஒரு சோடி ஸ்பீக்கரோடு போய் நிற்பார். ஆண்கள் ஹோலில், பெண்கள் உள்ளறையில். சத்தத்தைப் பெருக்கும் செட்டும் மைக்கும் இருப்பது ஹோலில். செட்டின் முதுகிலிருந்து வயர் இழுத்து உள்ளறையிலும் ஸ்பீக்கர் வைத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். பெண்கள் கூடிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா? ஆகவேதான் இந்தச் சுவர்த் தட்டல்.

வேலை சுத்தம். பயம்தான் அதைவிட அதிகம். சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில் இருக்கிறதா என்று நாலு தரம் குனிந்து பார்ப்பார். ஒரு செட்டில் நாலு ஸ்பீக்கர் பாடினால் சூடேறும் என்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை அதன்மேல் வைத்தபடி இருப்பார். ஒருமுறை ஹாலிஎலயில் வேலை முடித்து பஸ் ஏறியவர், பாதி வழியில் இறங்கித் திரும்பி நடந்தார். “வயர் மூட்டுல டேப் சுத்தினனா இல்லியாண்டு தெரியா.” போய்ப் பார்த்தால், மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். காரணம் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய காவின் நடந்த அன்று மனைவி காமிலா உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். ஹோலில் என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. யாரோ வந்து வாயில் சீனியைப் போட்டு, “முடிஞ்சி” என்றார்களாம். பல வருடம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே காமிலா அதைச் சொன்னார்: “என்னைக் கட்டிக் குடுத்தது எனக்கே கேக்கல்லியே.” குறையாகக்கூடச் சொல்லவில்லை. வாஹித்துக்குத்தான் அது நெஞ்சில் தைத்துவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் மகள் ஷஹீலாவின் காவின், அவர்கள் வீட்டிலேயே. “வாப்பா, நீங்க செல்றது எனக்குக் கேக்கணும்” என்று மகள் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். காவின் நடத்திவைக்கும் லெப்பையிடம் பொறுப்பை விடாமல் தன் வாயாலேயே மகளைக் கட்டிக் கொடுப்பதாக வாஹித் சொல்லிவிட்டார். ஊரார் வீட்டுச் சுவரிலெல்லாம் ஓட்டை போட்டு வயர் விட்டவருக்குத் தன் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. “நேத்துத்தான் பெயின்ட் அடிச்ச. ஓட்ட கீட்ட போட வாணாம்” என்றார் காமிலா. வயர் கதவுக்கு அடியால் போனது. 

மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் பெண்களின் மறைவுக்காக உள்ளேயிருந்து யாரோ கதவை இறுக்கி அடித்துச் சாத்தினார்கள். கதவடியில் வயர் நசுங்கி அறுந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஹோல் ஸ்பீக்கர் மட்டும் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

கதவோரமாகப் பாய் விரித்திருந்தார்கள். வாஹித்தின் வலது கை மருமகனின் கைக்குள். லெப்பை ஓதி முடித்து, “ம், செல்லுங்க ஹாஜியார்” என்று மைக்கை அவர் வாயருகே பிடித்தார். வாஹித் இடது கையால் சுவரைத் தட்டினார். சபை விழித்தது.

உள்ளேயிருந்து ஒரு தட்டு. முகம் மலர்ந்தது. உடனே இன்னொரு தட்டு.

“என்ன ஹாஜியார், நேரம் போகுது” என்றார் லெப்பை.

“கொஞ்சம் பொறுங்க, மகளுக்குக் கேக்குதில்ல.”

“பொம்புளைகளுக்குப் பொறகு சொல்லிக்கலாம்” என்றார் சம்பந்தி. அவருடைய குரலில் சூடு ஏறியிருந்தது.  வாஹித் எழுந்து போய் வயரைப் பார்க்க, பிடித்த கையை விடவேண்டும். காவின் நேரத்தில் கையை விட்டால் சபையில் என்னென்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியாதா? வேண்டுமானால் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் முடிந்துவிடும், உள்ளே யாராவது போய்ச் சீனி கொடுப்பார்கள்.

வாஹித் மருமகனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பையனையும் சேர்த்து இழுத்தபடி பாயில் கதவுவரை நகர்ந்தார். இடது கையால் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே தொங்கிய திரை லேசாக அசைந்தது. மைக்கைத் தலையால் விலக்கிவிட்டு, மாப்பிள்ளைக்குச் சொல்லவேண்டியதை அந்தத் திரைக்கு முகம் கொடுத்து உரத்துச் சொல்லத் தொடங்கினார்.