எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம்

ஆம்னி வேனின் முன்விளக்கு மங்கிவிட்டது என்று கிட்டுசாமி சொல்லத் தொடங்கி ஒரு வருசம் இருக்கும். பல்பு மாற்றினார், பேட்டரி மாற்றினார். போன தையில் பெரிய வாட் பல்பாக வாங்கிப் போட்டார். அதன் சூட்டில் ஹோல்டர் இளகிப்போனதுதான் மிச்சம்.

குன்னத்தூர்ப் பக்கம் கிணறு வற்றிக் காடு தரிசான பிறகு அவருக்கு வாய்த்த பிழைப்பு அந்தப் பழைய வண்டி. சுற்று ஊர்ப் பெண்களைக் காலையில் பனியன் கம்பெனியில் இறக்குவார், ஷிஃப்ட் முடிந்து இருட்டுகிற நேரத்தில் வீடு சேர்ப்பார். கிட்டுசாமி வண்டி என்றால்தான் பல வீடுகளில் பெண்ணை வேலைக்கே அனுப்பினார்கள். மனைவி போன பிறகு அவர் நாலு வார்த்தை பேசுவதும் கேட்பதும் அந்த வண்டிக்குள்தான். போன வாரம் பாலத்துக் கட்டையில் உரசிவிட்டார். “லைட்டச் சரி பண்ணுங்க. இன்னொருக்கா இடிச்சீங்கன்னா வேற வண்டிதானுங்க” என்று கம்பெனி மேனேஜர் தனபால் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அன்று அந்திக் கருக்கலில், பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், சேவூர் ரோட்டில் இசக்கிமுத்துவின் ஆட்டோ எலக்ட்ரிக் கடை முன்னால் நிறுத்தினார்.

“மறுபடியும் பல்புங்களாண்ணா?” பின்சீட்டிலிருந்து பழனாயி கேட்டாள். “பல்புக் கடைக்காரன் ஊட்டுக்கே நீங்க மாப்பிள்ளையாப் போயிருக்கலாம்.” வண்டியே சிரித்தது.

இசக்கிமுத்து பல்பைப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார். விளக்குக்குப் பின்னால் கைவிட்டவர் ஒரு ஒயரை வெளியே இழுத்தார். இணைப்பின் மேல் டேப்புக்குப் பதிலாகப் பனியன் துணி சுற்றியிருந்தது.

“இத யாரு சுத்துனது அண்ணாச்சி?”

“நாந்தானுங்க. கட்டிங் வேஸ்ட்டு வண்டிலயே கெடந்துச்சு.”

“இந்த ஊர்ல கை தொடைக்கவும் பனியன் துணி, கரண்டுக்கும் பனியன் துணியா? மழத்தண்ணிய இது குடிச்சு வச்சுக்கிடும்லா. பாருங்க, செம்பு பச்சையாப் பூத்துக் கெடக்கு.”

கிட்டுசாமிக்கு உடம்பே லேசானது. “அப்ப இதுதானுங்களா கோளாறு? நாஞ் செஞ்சதுதானுங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் தப்புக்கு இத்தனை சந்தோசப்படுகிற ஆளை இசக்கிமுத்து பார்த்ததில்லை.

ஒயரை வெட்டிப் பற்றவைத்து, டேப் சுற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். “பேட்டரில இருக்கது அப்படியே வருது. இப்பப் போடுங்க.”

எதிரே குடோன் சுவரில் வெளிச்சம் விழுந்தது. “அடேங்கப்பா, பளீர்னு அடிக்குது!” என்றாள் பழனாயி.

கிட்டுசாமி பார்த்தார். நடுவில் சாம்பல் பூசினாற்போல ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. நேற்றைப் போலவேதான்.

“இன்னுங் கம்மியாத்தானுங்க இருக்குது.”

இசக்கிமுத்து மறுபடி மீட்டரை வைத்தார். பிறகு நடந்துபோய்ச் சுவரருகே நின்றார். ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த விளம்பரத்தைக் கையால் தட்டினார். “இது என்ன எழுத்து அண்ணாச்சி?”

“எழுத்துங்களா? எங்கீங்க?”

யாரும் சிரிக்கவில்லை.

“அது அழிஞ்ச எழுத்துண்ணே, எங்களுக்கே தெரியல” என்றாள் முன்சீட்டில் இருந்த கருத்தம்மா, அவசர அவசரமாக. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அந்த அவசரம்தான் கிட்டுசாமியைத் திரும்ப வைத்தது. பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று ஆடியில் முன்சீட்டுக்கு வந்தவளுக்கு அன்றிலிருந்து வாய் ஓயவில்லை. ‘லாரிய எப்பிடி நிப்பாட்டிருக்கான் பாருங்கண்ணே.’ ‘இந்தப் பள்ளத்த மூட ஒரு நாதியில்லையா?’ ‘அந்தா நிக்கிது பாருங்க எருமை, எங்க ஊரு எருமை அழகு இதுக்கு வருமா?’ ரேடியோப் பொட்டி என்று அவளுக்குப் பேர் வைத்ததே அவர்தான். பாலத்தில் உரசிய அன்று அவள் லீவு.

“கண்ணு, உனக்குக் குமட்டலே இல்லீல்ல?”

கருத்தம்மா மடியிலிருந்த டிபன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழனாயிதான் பேசினாள். “எல்லாருக்குந் தெரியுமுங்கண்ணா. நீங்க நின்னுட்டீங்கன்னா எங்கூட்ல வேலைக்கு உடமாட்டாங்க. அதானுங்க...”

கோபப்படத்தான் வாயெடுத்தார். யார் மேல் என்று தெரியவில்லை.

“கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க அண்ணாச்சி. புரையா இருந்தா எடுத்துரலாம்லா” என்றார் இசக்கிமுத்து.

“பங்குனில கேம்ப்புக்குப் போனனுங்க. புரை இல்லையாமா. போன பார்வை போனதுதானாமா.” கிட்டுசாமி சாவியை உருவினார். “அவங்க மிசின்லதான் கோளாறுன்னு நெனச்சுட்டு வந்துட்டனுங்க.”

இசக்கிமுத்து கடையைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தார். கருத்தம்மா பின்னால் போய்விட, அவள் இடத்தில் கிட்டுசாமி உட்கார்ந்தார். ஊர்ப் பிரிவு தாண்டியதும் அவர் மெல்லச் சொன்னார், “முன்னால பள்ளமுங்க. வலப்பக்கமா ஏத்தி ஒடிங்க.”

“தெரியுது அண்ணாச்சி. லைட்டு நல்லாத்தான் அடிக்கி.”

பாலம் வந்தபோது கிட்டுசாமி வாயைத் திறக்கவில்லை.