தகடு ஒட்ட இரண்டு பேர்

ஆறும் பசை

"விடுய்யா, ஆறுது" என்றான் மாயழகு. நான் தூக்கிப் பிடித்திருந்த, மெல்லிசாக அறுத்த தேக்குத் தகட்டைப் பலகைமேல் இறக்கினேன். பசைத் தூரிகையைப் போட்டுவிட்டு அவன் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனான். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி மல்லுக்கட்டிய தச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொதித்தால் பிடிப்புப் போய்விடும், ஆறினால் ஆடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே பத்து மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் ஒருவர் பூச, ஒருவர் இறக்க வேண்டும்.

மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவில் மதுப்புட்டிகள் வைக்கும் மேசைக்கு மேல்பலகை அது. ரப்பர் விலை விழுந்திருந்த சமயம். முழுத் தேக்கு வாங்க வழியில்லை. ரப்பர் பெட்டிக்கு வந்த ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒட்டி, மேலே பழைய கதவிலிருந்து அறுத்த தேக்குத் தகட்டைப் போர்த்தச் சொன்னார் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில், யாழ்ப்பாணத்துக்காரர். பசை நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டையோடு பட்டறை வாசலில் நின்றார். தோட்டத்தில் தச்சர்கள் நாங்கள் இரண்டே பேர். ஒருவரைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றப்போகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்.

"மேசை எப்பிடி வருகுதெண்டு பாப்பம். அதுக்குப் பிறகு ஆர் நிக்கிறது, ஆர் போறது எண்டு எழுதுவன்."

அடிப்பக்கம்

மேலே மட்டும் தகடு ஒட்டினால், காயும்போது அது பலகையை இழுத்து வளைத்துவிடும். அடியிலும் ஒன்று ஒட்ட வேண்டும். தேக்கே வேண்டாம், ஏதாவது மரம் போதும். இதைக் கிராணியிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், மாயழகு என் முழங்கையைத் தொட்டான். கிராணிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரலில் சொன்னார்.

"தம்பி, துரை மேசைக்கு மேல வைச்சுக் குடிக்கிறவர். அடியில குனிஞ்சு ஆர் பாக்கிறது?"

பள்ளம்

இரண்டு வாரம் நல்ல வெயில். பங்களாச் சமையற்காரர் அந்தோணி அண்ணன் பட்டறைக்கு வந்து, மேசை நடுவில் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது என்றார். "பூசினது நான். என் தப்புன்னு சொல்லிடறேன்" என்றான் மாயழகு. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவனுக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். எனக்கு யாருமில்லை. அதைச் சொல்லியே அவனைக் கண்டபடி திட்டினேன். அந்தோணி அண்ணன் சிரித்தார்.

"ஏம்ப்பா சண்டை? கிளாஸ் கவுந்தாலும் கீழ ஓடாம நடுவுலயே நிக்குதுன்னு துரைக்கு ஒரே சந்தோஷம். யார் யோசனைன்னு கேட்டாரு. கிராணி, என்னோடதுதான்னுட்டாரு."

சுவரில் ஒட்டிய தாள்

அடுத்த வாரம் ஊருக்கு அனுப்பப்போகிறவர்களின் பெயர்களை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். மாயழகு பெயர் இருந்தது. நேரே கிராணி முன்னால் போய் நின்றேன். அந்த மேசையில் பாதி வேலை அவனுடையது, அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள், எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்றேன். அவர் பேனாவைத் துடைத்து மூடிவைத்தார்.

"ஒரு தச்சன் தனியச் செய்தது எண்டு துரைக்கு உம்மட பேரைச் சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது."

குளுவாங் ஸ்டேஷன்

மாயழகை வழியனுப்பப் போனேன். பெண்பிள்ளைகள் இரண்டும் ரயிலைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தன. அவன் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டைகளை எண்ணினாள். வண்டி நகரும்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"வளைஞ்சு போச்சுன்னு அனுப்பியிருந்தா ஏத்துக்கலாம்யா. நல்லாயிருக்குன்னுல்ல அனுப்புறாங்க."

இன்னொரு மேசை

யோங் பெங் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் நம் துரை வீட்டில் குடித்துவிட்டுப் போனார். அவருக்கும் அதே மாதிரி வேண்டுமாம், அதே பள்ளத்தோடு. கிராணி வந்து சொன்னார். இருபது வருஷம் நேராக இழைத்துக் கொடுத்தபோது வராத பெயர் எனக்கு ஒரு கோணல் பலகையில் வந்தது.

தகடு ஒட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்றேன்.

"தனியச் செய்யேலும் எண்டுதானே நீர் இங்க நிக்கிறீர்" என்றார்.

தகடு ஒட்டுகிற அன்றும் பட்டறை வாசலில் நின்றபடி, மழை பிந்திவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பசையைப் பூசி முடித்து, தூரிகைக் காம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தகட்டைத் தூக்கினேன்.