மொட்டைத் தலைக்கு ஒரு விசாப் படம்

பழனி அடிவாரத்தில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலம். சிலோன் விசாவுக்குப் படம் வேண்டுமென்று, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவர் வந்தார். இடது கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முடி வளந்த பெறகு எடுங்களேன். அங்க எறங்கயில மூஞ்சியையும் படத்தையும் ஒத்துப் பாப்பாங்க" என்றேன்.

"பாக்கட்டுங்க. போறப்பவும் மொட்டைதான். நீங்க வெரசா எடுங்க."

எனக்குச் சந்தேகம் தட்டியது. மொட்டையடித்தால் பத்துப் பேருக்கு ஒரே சாயல். இவர் படத்தைக் காட்டி வேறொருவன் கப்பலேறிவிடலாம்.

மறுநாள் படம் வாங்க வந்தவரின் முகத்தோடு படத்தை ஒத்துப் பார்த்தேன். பொருந்தியது. வாங்கிக்கொண்டு தலையைத் தடவினார், வலது கையால்.

பதறி வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்க மொட்டைத் தலைகள். முதல் நாள் படம் எடுத்துக்கொண்டவர்தானா மறுநாள் வாங்கிப் போனார் என்பது, படம் எடுத்த எனக்கே இன்றுவரை தெரியாது.