சீன வைத்தியரும் மச்சாளின் தலைச்சுற்றும்

என் மச்சாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு, மனம் லேசாகும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். என் கணவரும் சொல்வார். அவருக்கென்ன, கூடப்பிறந்த அக்கா. என் மனம் பாரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் கடைசியில் கலியாணம் கட்டி நான் லண்டனுக்கு வந்தபோது, மோர்டனில் மச்சாள் தன் வீட்டு மேல்மாடி அறையில்தான் எங்களைக் குடிவைத்தாள். வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். கை வரமாட்டேன் என்கிறது. அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபிறகுதான் எனக்குச் சாப்பாடு. சட்டியில் மிஞ்சிய குழம்பும் இரண்டு துண்டு பாணும். செவ்வாய், வெள்ளி விரதம் வேறு. அந்த வயிற்றோடு விடியற்காலை ஷிப்டுக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடிப்பேன்.

வந்து ஆறாம் மாதம் தலைச்சுற்று தொடங்கியது. குனிந்து எழும்பினால் கண் இருட்டும். சுவர் ஒரு பக்கமாகச் சரியும். கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிடுவேன். டொக்டரிடம் போனேன். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், புது நாடு, புதுக் குளிர், பழகிவிடும் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். மச்சாளுக்கு அது போதும்.

"டொக்டரே ஒண்டுமில்லை எண்டிட்டார். வீட்டு வேலைக்குக் கள்ளமடிக்க இப்பிடியும் ஒரு நடிப்போ?"

நடிப்பு என்றதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

என் தங்கச்சி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகிற நிலைமை இல்லை. ஹரோவில் இருந்த ஒரு மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி, பொருத்தம் பார்த்து, நாள் வைக்கிற கட்டம் வரைக்கும் வந்திருந்தது. அது ஒப்பேறினால் அவள் லண்டன் வந்துவிடுவாள். இந்த ஊரில் எனக்கென்று ஓர் ஆள் இருக்கும். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மாடிப்படியின் நடுவில் தலை சுற்றிக் குந்தியிருந்தேன். டெலிபோன் கீழே ஹோலில் இருந்தது. நான் படியில் இருப்பதை மச்சாள் காணவில்லை. மாப்பிள்ளையின் தாயோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். தமக்கைக்கு வலிப்பு. இஞ்சை நாளுக்கு ரெண்டு தரம் விழுந்து எழும்புறாள். தங்கச்சிக்கும் இருக்கோ, ஆர் கண்டது?"

எழும்பிக் கத்தவேண்டும் போல் இருந்தது. எழும்பினால் விழுவேன். விழுந்தால் அவள் சொன்னது உண்மையாகிவிடும். கம்பியைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கலியாணம் குழம்பியது. தமக்கையின் வீட்டிலிருந்துதான் கேள்விப்பட்டோம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லியனுப்பியது. வாய் காக்காமல் நானே ஊருக்குச் சொல்லித் திரிந்தேன் என்று தங்கச்சி முடிவுகட்டிவிட்டாள். 'உன்ர வருத்தத்தை நீயே பறைதட்டி என்னை லொட்ஜிலேயே இருத்திப்போட்டாய்' என்று ஒரே ஒரு வரியில் கடிதம் வந்தது. நடந்ததை எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். பிறகு அவள் யாரையோ பிடித்து ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதுகூட மூன்றாம் ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். "அக்கா அப்பிடிச் சொல்லமாட்டா" என்றார். அந்த ஒரு வரிக் கடிதத்தின் மேல் கையை வைத்து, மச்சாளின் வாயாலேயே தங்கச்சிக்கு உண்மையைச் சொல்லவைப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

அதற்கு முதலில் நான் நேராக நிற்கவேண்டுமே! சலவைப் பகுதியில் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் ஒரு சீனப் பெண். நான் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒரு துண்டுத்தாளில் விலாசம் எழுதித் தந்தாள். நடு லண்டனில், சீனக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய மாடி. மோர்டன் ரயில் தொடங்குகிற இடம் என்பதால் எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். தலை சுற்றுகிறவளுக்கு அது பெரிய காரியம்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், அறை முழுக்க வேர் மணம். என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, மெல்லத் தொட்டு, பிறகு அழுத்தி, பிறகு இன்னும் அழுத்தி நாடி பார்த்தார். இரண்டு கையிலும் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தலைச்சுற்று என்று தனியாக ஒரு நோய் இல்லை, அது பல வருத்தங்களுக்கு ஒரு பெயர் என்றார். கோபம் ஈரலைச் சூடாக்கும். அந்தச் சூடு காற்றாக மேலே ஏறினால் முகம் சிவந்து தலை சுழலும். சளி நடுவழியில் அடைத்தால் தலைக்கு ஈரத்துணி கட்டியது மாதிரிப் பாரமாக இருக்கும், குமட்டும். இரத்தம் போதாவிட்டால் எழும்பும்போது கண் இருட்டும்.

"உனக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார்.

"ஓம், ஓம்" என்றேன். இதென்ன கேள்வி!

என் நாக்கும் செக்கச்சிவந்து, மேற்படை ஒன்றுமே இல்லாமல் இருந்ததாம். ஈரல் சூடுதான் என்று சொல்லி, சிப்பி ஓடும், கொளுக்கி முள்ளோடு குச்சிகளும், கைப்பு வேர்களும் நிறுத்துக் கட்டித் தந்தார். சிப்பி ஓட்டை முதலில் போட்டு நெடுநேரம் அவிக்கவேண்டும். முள்ளுக் குச்சியைக் கடைசி ஐந்து நிமிடம்தான் போடவேண்டும், கூட அவித்தால் சத்துப் போய்விடும். அந்த மணத்துக்கு மச்சாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று கிழமை குடித்தேன். வயிற்றால் போனது. தலைச்சுற்று இரட்டிப்பானது.

நான்காம் முறை போன அன்று நித்திரையால் பிந்தி எழும்பி, பல்லை மட்டும் தேய்த்துவிட்டு ஓடினேன். நாக்கை நீட்டினதும் வைத்தியர் எழும்பிவிட்டார். வெளிறிய நாக்கு, மெல்லிய வெள்ளைப்படை, ஓரமெல்லாம் பல் பதிந்த அடையாளம். போன கிழமை பார்த்த நாக்கே இல்லை என்றார். என்ன செய்தாய், என்ன செய்தாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் விடிய எழும்பினால் முதல் வேலை நாக்கு வழிப்பதுதானே! வளைந்த தகட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பதை நடித்துக் காட்டினேன். வைத்தியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, பார்க்கவேண்டியதை எல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு வந்து என்னைப் பார்க்கச் சொல்கிறாயே என்று ஏசினார்.

அதன் பிறகுதான் சரியான கேள்வி வந்தது. "என்ன சாப்பிடுகிறாய்? எப்போது சாப்பிடுகிறாய்?"

சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் என் தலை சுற்றியது பசியால்.

மருந்து மாறியது. சிவப்புப் பேரீச்சை, ஏதோ உலர்ந்த பழம், கருவாடு போல வெட்டிய ஒரு வேர். முட்டையும் ஈரலும் கீரையும் சாப்பிடச் சொன்னார். வேலைக்குப் போகிற வழியில் வாங்கிச் சாப்பிட்டேன். விரதத்தை விட்டேன். அடுத்த கோடைக்குள் சுவர்கள் சுவர்களாகவே நின்றன. தோர்ண்டன் ஹீத்தில் வீடு பார்த்துக்கொண்டு கிளம்பியும்விட்டோம். தங்கச்சியிடமிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை.

ஏழு வருஷம் போனது. ஒரு நாள் மச்சாள் டெலிபோன் எடுத்தாள்.

"எனக்குக் கிறுதி வருது பிள்ளை. தலை அப்பிடியே சுழலுது. ஆஸ்பத்திரிக் குளிசையும் போடுறன், நிக்குதில்லை. உம்மட சீனாக்காரியிட்டை என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போமன்."

பிள்ளையாம்! "அதுக்கென்ன மச்சாள், வாங்கோ" என்றேன். என் குரல் எனக்கே இனித்தது.

மச்சாளுக்கு ஆங்கிலம் ஓடாது. நான்தான் மொழிபெயர்ப்பு. அவளைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கியது: சிவந்த முகம், எரிச்சல், தலைப்பாரம், குமட்டல். வைத்தியர் அன்றைக்குச் சொன்ன ஈரல் சூடும் சளியும்தான். வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பளபளவென்று வழித்த நாக்கு. என்னைத் திரும்பிப் பார்த்து, "இவரும் சுரண்டுகிறவரா?" என்று கேட்டார்.

நான் மச்சாளிடம் கேட்கவில்லை. "இல்லை" என்றேன்.

தெரிந்துதான் சொன்னேன். என் வருத்தத்தைப் பற்றி அவள் ஒரு பொய் சொன்னாள், அவள் வருத்தத்தைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். வெறும் நாக்கை நம்பி, உடம்பு வறண்டுவிட்டது என்று முடிவுகட்டிய வைத்தியர், பிசுபிசுத்த கறுப்பு வேர்களைக் கட்டித் தந்தார். அது மச்சாளின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. தலைச்சுற்று நின்றபாடில்லை. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போவதைப் பார்ப்பதற்காகவே இரண்டு தரம் மோர்டனுக்குப் போனேன். பார்த்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். பிரஷர் குளிசையை மட்டும் தவறாமல் போடுகிறாளா என்று பார்த்துக்கொண்டேன். அவளுக்குச் சுற்றவேண்டும், சாகக்கூடாது.

மூன்றாம் முறை வைத்தியர் ஊசி குத்தினார். உச்சந்தலையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இரண்டு. இருபது நிமிடம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனார். நான் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"மச்சாள், என்ர தங்கச்சியின்ர கலியாணத்தை ஏன் குழப்பினனீங்கள்?"

அவள் கண் மட்டும் உருண்டது. "என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

"தமக்கைக்கு வலிப்பு எண்டு சொல்லேக்கை நான் படியிலை இருந்தனான்."

எழும்பப் பார்த்தாள். "ஊசி, ஊசி!" என்றேன். அப்படியே கிடந்தாள். உச்சியில் நின்ற ஊசி மெல்ல ஆடியது. மேற்கூரையைப் பார்த்தபடி, "அவளும் வந்தால் ரெண்டு பேருமாச் சேர்ந்து என்ர தம்பியைப் பிரிச்சுக்கொண்டு போயிடுவியள் எண்டு பயந்தனான்" என்றாள். இவ்வளவுதானா! இதற்காகவா என் தங்கச்சி அந்த லொட்ஜில் கிடந்தாள்? கன்னத்தில் அறையத்தான் கை போனது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"உங்கட மருந்து ஏன் வேலை செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியாது. என்ர தங்கச்சிக்குப் போன் எடுத்து, என்ன செய்தனீங்கள் எண்டு உங்கட வாயாலை சொல்லுங்கோ. பிறகு காரணத்தை நான் சொல்லுறன்."

"ஏலாது."

"அப்ப சுத்தட்டும்."

சனிக்கிழமை பின்னேரம், நான் விசாரித்து வாங்கிக் கொடுத்த ரொறன்ரோ நம்பருக்கு எடுத்தாள். அதே ஹோல், அதே டெலிபோன். நான் அதே படியில் இருந்தேன், இந்த முறை அவளுக்குத் தெரிய. சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னாள். "வலிப்பு எண்டு சொன்னது நான்தான் பிள்ளை. உன்ர அக்கா ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை." சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா," என்றாள் தங்கச்சி. எட்டு வருஷத்துக்குப் பிறகு. "அவ தானாச் சொல்லுற ஆள் இல்லை. நீ என்ன செய்தனி?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கு, பொய், ஊசி, ஒன்றையும் விடவில்லை. "அட கள்ளி!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று விம்மினாள்.

"உன்ர கடிதம் எல்லாம் உடைக்காமலே வைச்சிருக்கிறன் அக்கா. இண்டைக்கு வாசிக்கிறன்."

படியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

மச்சாளுக்குச் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. அடுத்த புதன்கிழமை வைத்தியரிடம் கூட்டிப்போக விடியவே மோர்டனுக்குப் போனேன். மச்சாள் பாத்ரூமில் நின்றாள். கதவுக்கு வெளியே காத்து நின்றேன். அவள் நாக்கை வழித்து, கொப்பளித்து, தகட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வரும்வரை காத்து நின்றேன்.

"மச்சாள்," என்றேன், "நாக்கு வழிச்சால் டொக்டருக்கு ஒண்டும் பிடிபடாது. இனி அடுத்த கிழமைதான்."